ஜன்னல் வழியாக வாங்கிய பிள்ளை

லூப்புவின் சவப்பெட்டி ஊருக்குள் வந்து சேர்ந்தபோது மணி நாலு இருக்கும். இத்தாலியிலிருந்து இரண்டு நாள் விடாமல் ஓடிவந்த வண்டி. பின்கதவு திறந்ததும் முதலில் இறங்கியவன் தம்பி தீத்து. கண் சிவந்து, தாடி மண்டி, அண்ணனைவிடப் பத்து வயது மூத்தவன் போல இருந்தான். அதற்குப் பிறகுதான் பெட்டி. வெளியே மரம், உள்ளே துத்தநாகத் தகடு. ஓரமெல்லாம் ஈயத்தை உருக்கி ஒட்டி, மேலே இரண்டு முத்திரை குத்தியிருந்தார்கள்.

"திறக்கக் கூடாதாம்," என்றான் தீத்து, யாரும் கேட்பதற்கு முன்பே. "பேப்பர்லயே எழுதியிருக்கு. அஞ்சாவது மாடிச் சாரத்துலேர்ந்து விழுந்தவன்... திறக்காம இருக்கறதே நல்லதுன்னாங்க."

தோம்னிகா கையில் சட்டையோடு நின்றிருந்தாள். மாப்பிள்ளைச் சட்டை. கல்யாணமாகாமல் செத்தவனை அந்த மலையூரில் மாப்பிள்ளை மாதிரி உடுத்தித்தான் மண்ணுக்கு அனுப்புவார்கள். தலைமாட்டில் நடுவதற்கு ஒரு தேவதாரு மரம் வெட்டி வருவார்கள், அதுதான் அவனுக்குப் பெண். பையன்கள் காலையிலேயே மரம் தேடி மலைக்குப் போயிருந்தார்கள். சட்டை தோம்னிகாவின் பொறுப்பு. எட்டு வருடமாகத் தைத்துத் தைத்து வைத்தது. காலரிலும் மணிக்கட்டிலும் கறுப்பு நூலும் சிவப்பு நூலுமாக வேலைப்பாடு. அதை உடுத்த இப்போது வழியில்லை. பெட்டியின் மேல் விரித்துப் பார்த்தாள். கை இரண்டும் இரண்டு பக்கமும் தொங்கின. பார்க்கச் சகிக்கவில்லை. மடித்து மூடியின் மேல் வைத்துவிட்டு, தலைமாட்டில் அக்லாயாவுக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள். அக்லாயாவும் நகர்ந்து இடம் விட்டாள்.

அக்லாயா அவனைப் பெற்றவள். தோம்னிகா அவனை வாங்கியவள்.

முப்பத்துமூன்று வருடத்துக்கு முந்தைய கதை அது. அக்லாயாவுக்கு முதல் இரண்டு பிள்ளையும் தொட்டிலிலேயே போய்விட்டன. மூன்றாவது மிரோன். ஆறு மாதத்தில் அவனுக்கும் காய்ச்சல் கண்டு உதடு நீலம் பாரித்தபோது, வீட்டுப் பெண்கள் கூடிப் பேசிப் பிள்ளையை விற்றுவிடுவது என்று முடிவு செய்தார்கள். சாவு ரொம்பப் புத்திசாலி என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். விலாசம் மாறினால் அதற்கும் தடுமாற்றம்தான். தெருவில் முதலில் வருகிற பெண்ணிடம் ஜன்னல் வழியாகப் பிள்ளையைக் கொடுத்து ஒரு காசு வாங்கிக்கொண்டால், பிள்ளை அவளுடையது. சாவு தேடி வந்தால் அந்த வீட்டில் அக்லாயாவின் பிள்ளை என்று யாரும் இருக்கமாட்டார்கள்.

அன்றைக்கு முதலில் வந்தவள் தோம்னிகா. இருபத்துநாலு வயது, கல்யாணமாகி எட்டு மாதம், கையில் மோர் வாளி. தீப்பெட்டி வாங்க வைத்திருந்த ஒரு லேய் காசை எடுத்துக் கொடுத்தாள். ஜன்னல் வழியாகப் பிள்ளையை வாங்கி, வீட்டை மூன்று சுற்றுச் சுற்றி, வாசல் வழியாக உள்ளே வந்து, சொல்ல வேண்டியதைச் சொன்னாள்: "இது என் புள்ளை. பாலு மட்டும் நீ குடு, அக்லாயா." பேரையும் மாற்றினார்கள். லூப்பு என்றால் ஓநாய். ஓநாயைக் கண்டால் சாவுக்கே பயம் என்று ஒரு நம்பிக்கை. மறுநாள் டவுனிலிருந்து டாக்டர் வந்து ஓர் ஊசியும் போட்டுவிட்டுப் போனார். மூன்றாம் நாள் காய்ச்சல் இறங்கியது. புண்ணியத்தை ஊர் இரண்டு பேருக்கும் சரிபாதி பங்கு வைத்தது.

அதற்குப் பிறகு தோம்னிகாவின் வயிற்றில் ஒன்றும் தங்கவில்லை. "நிறைஞ்ச வீட்டுக்காரி கையில வித்திருக்கணும். வெறும் வீட்டுக்காரிகிட்ட வித்தாங்க, அவ வீட்டுல இருந்த ஒரே இடத்தையும் அவன் புடிச்சுக்கிட்டான்," என்று பேசிய வாய்களும் உண்டு. தோம்னிகா அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. புருஷன் போன பிறகு அந்த வீட்டுக்கு வந்துபோன ஒரே ஆள் லூப்புதான். அதுவும் வாசல் வழியாக வரமாட்டான். ஜன்னலில் மூன்று தட்டு. ஈஸ்டருக்குச் சிவப்பு முட்டையும் ரொட்டியும் ஜன்னல் வழியாகத்தான் வரும்.

"வாசக்கதவு எதுக்குடா இருக்கு?" என்பாள்.

"அது விருந்தாளிங்களுக்கு, வாங்குனம்மா. நான் ஜன்னல்ல வந்த சரக்கு."

வாங்குனம்மா. பெற்றவளை அம்மா என்றும், இவளை வாங்குனம்மா என்றும் கூப்பிடுவான். அந்தச் சொல்லைக் கேட்பதற்காகவே தோம்னிகா ஜன்னலின் தாழ்ப்பாளைப் போட்டதே இல்லை. பனிக்காலத்திலும்.

விற்ற பிள்ளையைப் பெற்றவள் திரும்ப வாங்க வேண்டும், அதுவும் முறைதான். பிள்ளை ஆபத்து தாண்டிய பிறகு, கடைசியாகக் கல்யாணத்துக்கு முன்னால், அதே மாதிரி ஒரு ஜன்னல், ஒரு காசு. லூப்பு பதினெட்டு வயதில் இத்தாலிக்குக் கிளம்பியபோது அக்லாயா ஒருநாள் காசோடு தோம்னிகாவின் ஜன்னலுக்கு வந்தாள். தட்டினாள். தோம்னிகா அடுப்புக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு மூச்சுக்கூட விடாமல் நின்றாள். அக்லாயா கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுப் போய்விட்டாள். மறுபடி அந்தப் பேச்சை எடுக்கவே இல்லை. கல்யாணத்தப்போ பார்த்துக்கலாம் என்று தோம்னிகா தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டாள். கல்யாணம் வரவேயில்லை. இரண்டு பெண் பார்த்து இரண்டும் தட்டிப்போயின. தன்னால்தானோ என்ற எண்ணம் அவளுக்கு வராமல் இல்லை. வரும்போதெல்லாம் சட்டையை எடுத்து இன்னும் நாலு பூ தைப்பாள்.

இந்தப் பழைய கணக்கு இன்றைக்கு முன்னால் வந்து நின்றதற்குக் காரணம் பாட்டு.

செத்தவனை அடக்கம் செய்கிற அன்று, கிழக்கு வெளுக்கும் நேரத்தில், நாலு பெண்கள் அவன் ஜன்னலுக்கு வெளியே நின்று விடியல் பாட்டுப் பாடுவார்கள். அது ஒப்பாரி இல்லை, செத்தவன் தாண்ட வேண்டிய மூன்று பாலங்களுக்கும் வழி சொல்கிற பாட்டு. ஒப்பாரி சொந்தக்காரர்களுடையது, மனதில் தோன்றியதைச் சொல்லி அழலாம், திட்டக்கூடச் செய்யலாம். விடியல் பாட்டில் ஒரு சொல் மாறக்கூடாது, ஒரு சொட்டுக் கண்ணீர் விழக்கூடாது. சொந்தக்காரர்கள் பாடவே கூடாது. அந்தப் பாட்டை முழுசாக அறிந்தவள் சுற்றுவட்டாரத்தில் தோம்னிகா ஒருத்திதான். முப்பது வருடத்தில் இருநூறு பேருக்குக் குறையாமல் வழியனுப்பியிருப்பாள். டவுன் டெலிவிஷனிலும் அந்தப் பாட்டைப் பாடுகிறார்கள், அக்கார்டியன் எல்லாம் வைத்து, சிரித்துக்கொண்டே. தோம்னிகா அதைப் பார்த்தால் எழுந்துபோய்க் கோழிக்குத் தீனி போடுவாள்.

இருட்டுகிற நேரத்தில் ஸ்தான்கா வந்தாள். இரண்டாம் குரல் பாடுகிறவள். நாக்குக்கு வேலியே கிடையாது. சமையலறைக்குத் தோம்னிகாவைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனாள். உள்ளே பெரிய சட்டியில் சாவுப் படையலுக்குக் கோதுமை வெந்துகொண்டிருந்தது.

"காலையில யாரு பாடறது?" என்றாள்.

"நீங்க மூணு பேரும் பாடுங்க. நான் பாட முடியாது. நான் சொந்தம்."

"எனக்கு ரெண்டாவது பாலம் வரைக்கும்தான் வரும்னு உனக்குத் தெரியாதா? மூணாவது பாலத்துல உன் குரலுக்குப் பின்னாலதானே நாங்க வாயசைக்கிறோம்? பாதி வழியில கொண்டுபோயி விட்டுட்டு வரவா அவன?"

"அதுக்கு நான் என்ன பண்ணட்டும்?"

"என்னடி சொந்தம்? ஒரு லேய் சொந்தம்!" ஸ்தான்கா இடுப்பில் கை வைத்துக்கொண்டாள். "சரி, உன் பேச்சுப்படியே வெச்சுக்குவோம். நீ வாங்குனவ, நீதான் அம்மா. அப்ப வித்தவ யாரு? யாரோ. அவளுக்கும் அவனுக்கும் ஒட்டுமில்ல உறவுமில்ல. போயி அக்லாயாவையே பாடச் சொல்லு, பொருத்தமா இருக்கும்!"

சொல்லி முடித்த பிறகுதான் திரும்பிப் பார்த்தாள். வாசற்படியில் அக்லாயா நின்றிருந்தாள், கையில் வெறும் கிண்ணத்தோடு. கோதுமை வெந்துவிட்டதா என்று பார்க்க வந்திருப்பாள். கிண்ணத்தை மேசையில் வைத்துவிட்டுப் போய்விட்டாள்.

"போச்சு," என்றாள் ஸ்தான்கா. "என் வாய்ல தீய வெக்க."

அந்த நேரத்தில் தீத்து உள்ளே வந்தான். பேச்சு அவன் காதிலும் விழுந்திருந்தது. பாக்கெட்டிலிருந்து ஒரு போனை எடுத்து மேசைமேல் வைத்தான். கண்ணாடி குறுக்கே விரிசல் விட்டிருந்தது.

"அண்ணனோடது. இதுல உங்க பாட்டு முழுசா இருக்கு, சித்தி. நீங்க பாட வேணாம், இதப் போட்டா போதும். நீங்க சொந்தமாவே உக்காந்திருக்கலாம்."

"என் பாட்டு இதுல எப்படி வந்துச்சு?"

"ஆலைக்கார நிஸ்தோர் செத்தப்ப வேலிக்குப் பின்னால நின்னு எடுத்தான். தினம் காலையில நாலரைக்குச் சாரத்துல ஏறறதுக்கு முன்னால இதத்தான் போடுவான். நம்ம ஊர்க்காரங்க மட்டும் இல்ல, அல்பேனியாக்காரன், மொராக்கோக்காரன் எல்லாரும் டீயக் கையில வெச்சிக்கிட்டு நின்னு கேப்பாங்க. ஒருத்தன் அர்த்தம் கேட்டான். 'ஒருத்தன் இன்னும் பையக் கட்டல, கொஞ்சம் பொறுன்னு விடியல்கிட்ட சொல்ற பாட்டு'ன்னான் அண்ணன். 'இத நம்ம மேஸ்திரிகிட்ட போட்டுக் காட்டணும்டா'ன்னு ஒரே சிரிப்பு. ஆனா ஒருநாள் போடலைன்னா அர்த்தம் கேட்டவனே வந்து கேப்பான்."

"செத்தவனுக்குப் பாடறதுன்னு சொல்லலையா?"

"சொல்லல. எதுக்குச் சொல்லணும்னான். ஊர விட்டுப் போறவன் எல்லாருக்கும் இது பொதுதான்னான். பஸ் ஏறின அன்னைக்கு எங்கம்மா 'போகாதே, போகாதே'ன்னு சட்டையப் புடிச்சுக்கிட்டாங்க, இந்தப் பாட்டுதான் 'பையக் கட்டிக்கோ, பாலத்துல பாத்துப் போ'ன்னு சொல்லுதுன்னான்."

தோம்னிகா போனைத் தொட்டுப் பார்த்தாள், திறக்கவில்லை. அவனுக்கு இது பிடிக்கும் என்றே அவளுக்குத் தெரியாது. கேட்டதும் இல்லை. சாவுப் பாட்டை வீட்டுக்குள் பேசக்கூடாது என்று அவளே அவன் வாயை அடைத்து வைத்திருந்தாள்.

"இது நிஸ்தோருக்குப் பாடினது, தீத்து. நடுவுல பேரு சொல்லுவேன். நிஸ்தோர் பேரச் சொல்லி நிஸ்தோர் வழியில விட்டா இவன் எங்க போயிச் சேருவான்?"

தீத்து போனை எடுத்துப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டான். அவன் முகம் கோணியது. "அப்ப என்னதான் பண்ணப் போறீங்க எல்லாரும்? நாளைக்கு ஒரு காலைதானே இருக்கு?"

தோம்னிகா முன்னறைக்குத் திரும்பி வந்தபோது தலைமாட்டில் அவள் இடம் இல்லை. அக்லாயா நடுவில் உட்கார்ந்து, இரண்டு கையையும் பெட்டியின் மேல் அகல விரித்து வைத்திருந்தாள். நகரவில்லை, நிமிர்ந்தும் பார்க்கவில்லை. தோம்னிகாவுக்குச் சுருக்கென்றது. முப்பத்துமூன்று வருடத்தில் அந்த வீட்டில் அவளுக்கு இடமில்லாமல் போனது அதுதான் முதல் தடவை. மூடியின் மேலிருந்த சட்டையை வெடுக்கென்று எடுத்துக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டாள். சின்னப்பிள்ளைத்தனம்தான். ஆனால் அந்த நேரத்தில் அவளுக்குத் தோன்றியது அது ஒன்றுதான்.

சேவல் முதல் தடவை கூவியபோது ஜன்னலில் மூன்று தட்டுக் கேட்டது.

தோம்னிகா உடுத்தியபடியே கட்டிலில் உட்கார்ந்திருந்தாள். அந்தத் தட்டைக் கேட்டதும் ஒரு நொடி அவள் உடம்பு எல்லாவற்றையும் மறந்து சந்தோஷப்பட்டது. அந்த ஒரு நொடிக்காகப் பின்னால் பல நாள் தன்னையே நொந்துகொண்டாள். ஜன்னலைத் திறந்தாள். வெளியே உறைபனியில் அக்லாயா நின்றிருந்தாள், தலையில் கறுப்புத் துணி, மூச்சு புகையாக வந்தது.

"வாசல்ல வர வேண்டியதுதானே, அக்கா."

"வாசலுக்கு வரல. ஜன்னலுக்குத்தான் வந்தேன்." அக்லாயா ஒரு காசை ஜன்னல் கட்டையில் வைத்தாள். அன்றைக்குத் தீப்பெட்டிக்கு வைத்திருந்த அதே காசு. அந்தக் காலத்து லேய். இப்போது அதற்கு ஒரு தீக்குச்சிகூடக் கிடைக்காது. சாமிப் படத்துக்குப் பின்னால் இத்தனை வருடம் இருந்ததில் ஒரு பக்கம் கறுத்துப் போயிருந்தது.

தோம்னிகாவுக்குப் புரிந்துவிட்டது. புரிந்ததும் கோபம்தான் முதலில் வந்தது.

"சாகப்போறான்னு வித்தே. செத்ததும் வாங்க வந்துட்டியா?"

"ஆமா."

"வெக்கமா இல்ல?"

"இருக்கு." அக்லாயா குரலை உயர்த்தவில்லை. "முன்னாடியும் ஒருவாட்டி வந்தேன். நீ வீட்லதான் இருந்தே. அடுப்புக்குப் பின்னால உன் பாவாடை தெரிஞ்சுச்சு."

தோம்னிகாவின் கை ஜன்னல் சட்டத்தைப் பிடித்துக்கொண்டது. பதினைந்து வருடமாக யாருக்கும் தெரியாது என்று நினைத்து அவள் நெஞ்சுக்குள்ளேயே வைத்து மறுகியது, எதிராளி கண்ணில் அன்றைக்கே பட்டிருக்கிறது.

"பாத்துட்டு ஏன் சும்மா போனே? கூப்பிட்டுக் கேக்க வேண்டியதுதானே? நாலு பேர வெச்சு என்னய நாறடிச்சிருக்கலாமே?"

"எனக்கும் பயம்தான். என் கையில ரெண்டு போச்சு. உன்கிட்ட இருக்கற வரைக்கும் அவனுக்கு ஒண்ணும் ஆகாதுன்னு நெனச்சேன். நீ ஒளிஞ்சது நல்லதாப் போச்சுன்னு வீட்டுக்குப் போயிட்டேன்." அக்லாயா மூக்கைத் துடைத்தாள். "ரெண்டு பேரும் சேர்ந்துதான் சாவ ஏமாத்தினோம். அப்படியும் கண்டுபுடிச்சிடுச்சு."

தோம்னிகா காசைத் தொடாமல் அதையே பார்த்தாள்.

"பாட்டுக்காக வந்தியா, உனக்காக வந்தியா? உண்மையச் சொல்லு."

"ரெண்டுக்கும்தான். பொய் சொல்ல மாட்டேன். ஸ்தான்கா சொன்னது சரிதானே? அவனுக்கு நான் யாரோ. பால் குடுத்த யாரோ. இன்னைக்கு அவனுக்கு மரத்தோட கல்யாணம். கல்யாணத்துக்கு முன்னால வாங்கணும்னுதானே முறை? ஒருநாளாவது அவன என் புள்ளைன்னு சொல்லி அழணும், தோம்னிகா. இன்னைக்கு விட்டா எனக்கு வேற நாளு இல்ல."

"நான் என்ன சொல்லி அழறது?"

அக்லாயாவிடம் அதற்குப் பதில் இல்லை. இருப்பதாக நடிக்கவும் இல்லை. அதனால்தான் தோம்னிகா ஜன்னலை அறைந்து சாத்தாமல் நின்றாள்.

விற்றுவிட்டால் தலைமாட்டில் உட்கார முடியாது. பெட்டிக்குப் பின்னால் நடக்க முடியாது. நாற்பதாம் நாள், ஆறாம் மாதம், வருஷம், எந்தப் படையலிலும் அவள் பேர் வராது. அவனைப் பற்றி அழுதால், இவளுக்கு என்ன வந்தது என்று ஊர் பார்க்கும். விற்காவிட்டால் எல்லாம் உண்டு, பாட்டு மட்டும் இல்லை. ஸ்தான்கா இரண்டாவது பாலத்தில் நிறுத்திவிடுவாள். காலம் பூராவும் அவன் அங்கேயே நிற்பான், பையைத் தோளில் மாட்டிக்கொண்டு. தட்டுவதற்கு ஒரு ஜன்னல்கூட இல்லாத இடத்தில்.

கிழக்குப் பக்கம் பிளம் மரங்களுக்குப் பின்னால் இருட்டு கொஞ்சம் இளகுவது போலிருந்தது.

தோம்னிகா கட்டிலிலிருந்து சட்டையை எடுத்தாள். கைகளை உள்ளே மடக்கி, சின்னதாகச் சுருட்டி, இரண்டு கையிலும் ஏந்தி ஜன்னலுக்குக் கொண்டுவந்தாள். சொல்ல வேண்டியது ஒரே ஒரு வாக்கியம்.

"இது என் புள்ளை இல்ல. உன் புள்ளை. வாங்கிக்கோ."

அக்லாயா வாங்கினாள். வாங்கும்போது ஒரு கையைக் காலருக்குக் கீழே கொடுத்து வாங்கினாள், தலை நிற்காத குழந்தையை வாங்குவது போல. மார்போடு அணைத்துக்கொண்டு வீட்டைச் சுற்றத் தொடங்கினாள். உறைபனியில் காலடி நொறுங்கும் சத்தத்தைத் தோம்னிகா உள்ளே நின்று கேட்டாள். ஒரு சுற்று. இரண்டு. மூன்று. பிறகு அந்தச் சத்தம் படலைத் தாண்டித் தெருவில் இறங்கிப் போய்விட்டது. காசு ஜன்னல் கட்டையிலேயே கிடந்தது.

முகத்தைக் கழுவினாள். வெள்ளைத் துணியைத் தலையில் கட்டிக்கொண்டாள். சொந்தக்காரர்கள்தான் கறுப்புக் கட்டுவார்கள்.

அக்லாயாவின் ஜன்னலுக்கு வெளியே மூன்று பெண்களும் மெழுகுவர்த்தியோடு காத்திருந்தார்கள். வெள்ளைத் துணியைப் பார்த்ததும் ஸ்தான்காவுக்குப் புரிந்துவிட்டது. பக்கத்தில் வந்து தோளை ஒட்டி நின்றாள். வேலியோரம் ஊரே நின்றிருந்தது. இத்தாலியிலிருந்து கூட வந்த பையன்கள் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்திருந்தார்கள். நேற்று வெட்டிவந்த தேவதாரு சுவரில் சாய்ந்திருந்தது, கிளையெல்லாம் ரிப்பனும் கைக்குட்டையுமாக.

தோம்னிகா கிழக்கே திரும்பினாள்.

*விடியலே, கொஞ்சம் பொறு, குதிரைக்குச் சேணம் போடாதே,*
*இங்கே ஒருத்தன் இன்னும் பையைக் கட்டவில்லை.*
*ரொட்டி அடுப்பில் இருக்கிறது, செருப்பு வாசலில் இருக்கிறது,*
*சொல்லிக்கொள்ள வேண்டியவர்களிடம் சொல்லிக்கொள்ளவில்லை.*

குரல் சரியாகத்தான் வந்தது. அவளுக்கே ஆச்சரியம். பேர் சொல்லும் இடத்தில் லூப்பு என்று சொன்னாள், கோவிலில் வைத்த பேரையும் சேர்த்துச் சொன்னாள். வேலியோரம் நின்ற பையன்களில் ஒருத்தன் தேம்பியது காதில் விழுந்தது. நாலரை மணிக்குச் சாரத்தடியில் கேட்ட பாட்டு முழுக்க முழுக்க என்னவென்று அவனுக்கு இப்போதுதான் தெரிந்திருக்கும்.

*முதல் பாலத்தில் தண்ணீரைப் பார்க்காதே, அது உன் முகத்தைக் காட்டும்.*
*இரண்டாம் பாலத்தில் பேர் கேட்பார்கள், தயங்காமல் சொல்லு.*

ஸ்தான்காவின் குரல் இங்கே தேய்ந்து நின்றது. மற்ற இருவரும் நிறுத்திவிட்டார்கள். இனி தோம்னிகா மட்டும்தான்.

மூன்றாம் பாலத்தில் ஒரே ஒரு கேள்வி. இருநூறு பேருக்கு அதைப் பாடியிருக்கிறாள். சோளமாவுக் களி கிண்டும்போதுகூட மனதுக்குள் ஓடும். அதற்கு என்ன அர்த்தம் என்று ஒருதடவைகூட நின்று யோசித்ததில்லை. இன்றைக்கு அந்த வரி தூரத்தில் வரும்போதே அவளுக்குக் கண்ணில் தெரிந்துவிட்டது. சொந்தக்காரர்கள் ஏன் பாடக்கூடாது என்பதும் தெரிந்தது. பெற்றவள் எந்தப் பிள்ளையையும் போ என்று சொல்லமாட்டாள். சொன்னாலும் அது பொய். பாலத்தில் நிற்கிறவனுக்கு அந்தப் பொய் தெரிந்துவிடும், உடனே வீட்டைப் பார்த்துத் திரும்பிவிடுவான். போ என்று உண்மையாகச் சொல்ல, ஒட்டும் உறவும் இல்லாத, அவனுக்கு யாருமில்லாத ஒருத்தி வேண்டும்.

பாட்டு நின்றது. ஸ்தான்கா திரும்பிப் பார்த்தாள். அவள் உதடு அசைந்தது, ஆனால் அவளுக்கு வரி தெரியாது. வேலியோரத்தில் எல்லாரும் நிமிர்ந்தார்கள். தோம்னிகா கண்ணை இறுக்கி மூடி, காலைக் கொஞ்சம் அகட்டி ஊன்றிக்கொண்டாள்.

*மூன்றாம் பாலத்தில், யார் உன்னை அனுப்பினார்கள் என்று கேட்பார்கள்.*
*அம்மா என்று சொல்லாதே, அப்பா என்று சொல்லாதே.*
*எனக்கு யாருமில்லாதவள் அனுப்பினாள் என்று சொல்லு.*
*எனக்கு யாருமில்லாதவள், போய் வா என்றாள்.*

ஒரு சொல் மாறவில்லை. ஒரு சொட்டு விழவில்லை. பாட்டு முடிந்தபோது பிளம் மரங்களுக்குப் பின்னால் வானம் வெளுத்திருந்தது. அடுத்த நொடியே உள்ளே அக்லாயா ஒப்பாரியை ஆரம்பித்தாள். "என் புள்ளையே" என்று ஆரம்பித்தாள். முப்பத்துமூன்று வருடம் அடைத்து வைத்திருந்த குரல் அது. முன்னறைச் சுவர் தாங்கியதே பெரிய விஷயம்.

அடக்கத்துக்குப் பெட்டியை எடுக்கும்போது, பாடியவர்களுக்கு வாசலில் ஆளுக்கொரு ரொட்டியும் மெழுகுவர்த்தியும் கொடுப்பது வழக்கம். அக்லாயா வரிசையாகக் கொடுத்துக்கொண்டே வந்தாள். தோம்னிகாவின் முன் வந்ததும் ரொட்டியை இரண்டு கையாலும் நீட்டினாள்.

"அந்நியங்க, எங்களுக்காகச் சிரமப்பட்டீங்க. புண்ணியமாப் போகட்டும்," என்றாள், சொல்ல வேண்டியபடி.

"ஆண்டவன் ஏத்துக்கட்டும்," என்றாள் தோம்னிகா, சொல்ல வேண்டியபடி.

டிராக்டர் வண்டியில் பெட்டியை ஏற்றினார்கள். மேலே சட்டை கிடந்தது. முன்னால் தேவதாருவைத் தூக்கிக்கொண்டு பையன்கள் போனார்கள். தீத்து ஓடிவந்து கையைப் பிடித்தான். "வாங்க சித்தி, நீங்க பின்னால வராம யாரு வருவா?"

"பாடினவங்க வீட்டுக்குப் போகணும் தீத்து. நீ உங்கம்மாகூட போ. கையப் புடிச்சுக்கோ, விழுந்துடப் போறாங்க."

வீட்டுக்கு வந்தாள். ஜன்னல் விடியற்காலையில் திறந்தபடியே கிடந்தது, அறையெல்லாம் குளிர். கட்டையில் காசு உறைபனி பூத்துக் கிடந்தது. ரொட்டியை மேசையில் வைத்தாள். மேட்டிலிருந்து கோவில் மணியும், அதற்கு மேலே அக்லாயாவின் குரலும் கேட்டுக்கொண்டிருந்தன. என் புள்ளையே, என் புள்ளையே. தோம்னிகாவுக்கும் வாய்வரை அதே சொல்தான் வந்தது. பல்லைக் கடித்துக்கொண்டாள். இப்போது கூப்பிட்டால் அவனுக்குக் கேட்டுவிடும். அவன் எங்கே நிற்கிறானோ, மூன்றாம் பாலத்தைத் தாண்டினானோ இல்லையோ. அவள் குரலென்றால் திரும்பிப் பார்க்காமல் இருக்கமாட்டான்.

ஜன்னலைச் சாத்தினாள். தாழ்ப்பாள் துருப்பிடித்திருந்தது, முப்பத்துமூன்று வருடமாக யாரும் தொடாதது, லேசில் நகரவில்லை. விறகுக்கட்டையை எடுத்து இரண்டு தட்டுத் தட்டி உள்ளே இறக்கினாள். பிறகு சுவரோடு முதுகைச் சாய்த்துத் தரையில் உட்கார்ந்து, யாரும் தட்டிவிடக் கூடாதே என்று ஜன்னலையே பார்த்துக்கொண்டிருந்தாள்.